மனைவி பிரெஞ்சுக்காரி, எனக்கு எதற்குத் தனி விசா?

வெளிநாட்டு மருமகளோ மாப்பிள்ளையோ வந்த வீடுகளிலிருந்து இந்த முறை சேர்ந்தாற்போல் கடிதங்கள். காரைக்குடியில் டிக்கெட், விசா வேலை பார்த்தே தலை நரைத்தவள் என்பதால், ஆசிரியர் எல்லாவற்றையும் ஒரே கட்டாக என்னிடம் தள்ளிவிட்டார். ஆகட்டும், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: ஆச்சி, எனக்குப் பழைய வீடுகளைச் செப்பனிடும் தொழில். என் மனைவி பிரான்ஸ் நாட்டவர். ஆத்தங்குடி டைல்ஸ் வேலையைப் பார்க்க வந்த இடத்தில் பழக்கமாகி, போன தையில் பிள்ளையார்பட்டியில் தாலி கட்டினேன். ஆசைக்கு இசைகுடிமானமும் (நகரத்தார் வீட்டுக் கல்யாண ஒப்பந்த ஏடு) எழுதிக்கொண்டோம். வைகாசியில் இத்தாலியில் பத்து நாள், ஸ்பெயினில் ஒரு வாரம், கடைசியாக லியோனில் மாமனார் வீட்டில் நாலு நாள் என்று திட்டம். மனைவிக்கு விசா வேண்டாம். கணவன் என்ற முறையில் எனக்கும் வேண்டாம்தானே? ஏஜென்ட் என்னடாவென்றால் பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், ஓட்டல் புக்கிங், இன்சூரன்ஸ் என்று பட்டியல் நீட்டுகிறார்.
(வாசகர், காரைக்குடி)

பதில்: வேண்டும் தம்பி. இந்திய பாஸ்போர்ட்டோடு ஷெங்கன் நாடுகளுக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்குள், நுழைய விசா கட்டாயம். பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் அது மாறாது. தாலி ஏறிவிட்டாலும் பாஸ்போர்ட் ரெண்டும் ரெண்டுதான். ஆனால் அந்த விசாவை எந்த வழியில் கேட்பது என்பதில் உங்கள் மனைவியின் பாஸ்போர்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏஜென்ட் நீட்டியது சாதாரணச் சுற்றுலாப் பயணிக்கான பட்டியல். நீங்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டியவர் அல்ல.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004/38 என்ற எண்ணுள்ள சட்டம் ஒன்று இருக்கிறது. ஒன்றியத்தின் குடிமகனோ குடிமகளோ தன் சொந்த நாடு அல்லாத இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போகும்போது, கூடப் போகிற கணவனுக்கோ மனைவிக்கோ, அவர் எந்த நாட்டவராக இருந்தாலும், விசாவைக் கட்டணம் இல்லாமல், சீக்கிரமாகக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மற்றவர்களுக்கு அந்தக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. உங்களிடம் கேட்க வேண்டியது உங்கள் பாஸ்போர்ட், படிவம், போட்டோ, மனைவி ஐரோப்பியக் குடிமகள் என்பதற்கு அவர் பாஸ்போர்ட் நகல், நீங்கள் அவருடைய கணவர் என்பதற்கு அத்தாட்சி, ரெண்டு பேரும் சேர்ந்து போகிறீர்கள் என்பதற்கு ஏதாவது ஒன்று. அவ்வளவுதான். கையில் எவ்வளவு பணம், எந்த ஓட்டலில் தங்கல், 30,000 யூரோவுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் இந்த வழியில் வருபவரிடம் கேட்கும் கேள்விகள் அல்ல.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஷெங்கன் விசாப் படிவத்தையே எடுத்துப் பாருங்கள். சில கட்டங்களின் ஓரத்தில் சின்னதாக நட்சத்திரக் குறி போட்டிருக்கும். என்ன வேலை, யார் முதலாளி, யார் வீட்டில் தங்குகிறீர்கள், செலவு யாருடையது என்று கேட்கும் கட்டங்கள் அவை. ஐரோப்பியக் குடிமக்களின் குடும்பத்தார் அவற்றை நிரப்ப வேண்டாம் என்று படிவமே சொல்கிறது. அதற்குப் பதிலாக, குடும்பத்தில் யார் ஐரோப்பியக் குடிமகன், அவருக்கு நீங்கள் என்ன முறை என்று கேட்கும் கட்டங்கள் தனியாக உண்டு. ஏஜென்ட் பையன்கள் இந்த ரெண்டாவது வகையைக் காலியாக விட்டுவிட்டு, நட்சத்திரக் கட்டங்களை முத்து முத்தாக நிரப்பிக் கொடுப்பார்கள். அப்புறம் கவுன்ட்டரில் இருப்பவர் உங்களைச் சுற்றுலாப் பயணியாக நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. படிவத்தை நீங்களே நிரப்புங்கள். மேலே ஒரு சின்னக் கடிதம் வைத்து, 2004/38 சட்டப்படி விண்ணப்பிக்கிறேன் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

இதில் ரெண்டு நிபந்தனை. ஒன்று, மனைவி கூட வர வேண்டும், அல்லது அங்கே முன்னதாகப் போயிருக்க வேண்டும். நீங்கள் மட்டும் நாலு நாள் முன்னால் போய் ரோமைச் சுற்றுவதற்கு இந்த வழி கிடையாது. இன்னொன்று, போகிற நாடு அவருடைய சொந்த நாடாக இருக்கக் கூடாது. பிரெஞ்சுக்காரி இத்தாலிக்குப் போனால் ஒன்றியத்தின் சட்டம் பேசும். அவரே பிரான்ஸுக்குப் போனால் அது பிறந்த வீடு, பிரான்ஸின் உள்நாட்டுச் சட்டம்தான் பேசும். உங்கள் திட்டத்தில் அதிக நாள் தங்குவது இத்தாலியில் என்பதால் விண்ணப்பம் இத்தாலிக்குத்தான் போக வேண்டும். கிடைக்கிற ஷெங்கன் விசாவே லியோனுக்கும் செல்லும். மாமனார் வீட்டு நாலு நாள் பதினைந்து நாளானால் கணக்கு மாறிவிடும், முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. பிள்ளையார்பட்டி, தாலி, இசைகுடிமானம் எல்லாம் எழுதிய நீங்கள் பதிவுச் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இசைகுடிமானத்தை எழுதித் தந்த பெரியவரின் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்து எந்தத் தூதரகமும் விசா தராது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்ய வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிய ரெண்டு பேரும் இந்துவாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். ஏற்கெனவே சடங்காக நடந்த கல்யாணத்தைப் பதிந்துகொள்ள அதில் 15-ஆம் பிரிவு இருக்கிறது, திரும்பவும் மாலை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ரெண்டு பேரும் அந்த மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும், விண்ணப்பித்த பிறகு ஆட்சேபணைக்கு 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். மனைவிக்கு முன்பு திருமணம் ஆகவில்லை என்று அவர் நாட்டுத் தூதரகச் சான்றும் கேட்பார்கள். வைகாசிப் பயணத்துக்குச் சித்திரையில் சார்பதிவாளர் அலுவலகம் போனால் ஒன்றும் நடக்காது.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அபோஸ்டில் வாங்குங்கள். மாநில அரசின் சரிபார்ப்பு முடிந்தபின் வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் முத்திரை அது. ஹேக் அபோஸ்டில் ஒப்பந்தம் இந்தியாவில் 2005-லிருந்து நடப்பில் இருப்பதால், அதில் சேர்ந்த பெரும்பாலான நாடுகளில் இந்த ஒரு முத்திரையே போதும். தயவுசெய்து சான்றிதழை லேமினேஷன் செய்துவிடாதீர்கள். நம் ஊரில் கல்யாணச் சான்றிதழ் வந்தால் முதல் வேலை அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பிளாஸ்டிக் போடுவதுதான். பிளாஸ்டிக் மேல் முத்திரை ஒட்ட மாட்டார்கள், பிரித்தால் மை உரிந்து வரும். அப்புறம் நகல் சான்றிதழுக்கு மறுபடி அலைச்சல். பிரான்ஸ் பதிவேட்டிலும் கல்யாணத்தை ஏற்றிவிடுங்கள். பிரெஞ்சுத் துணைத் தூதரகம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. நாளைக்கு அங்கே குடிபோகும் எண்ணம் வந்தால் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான்.

உங்கள் விசாவையே நினைத்துக்கொண்டு மனைவியின் இந்திய விசாவை மறந்துவிடாதீர்கள். போவது சுலபம், திரும்பி வர அவருக்கு இந்திய விசா உயிரோடு இருக்க வேண்டும், பலமுறை நுழைவுக்கு அனுமதி உள்ளதாகவும் இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில்தான் இருக்கிறார் என்றால், பதிவு முடிந்த கையோடு இந்தியக் குடிமகனின் மனைவி என்ற முறையில் எக்ஸ்-2 நுழைவு விசாவாக மாற்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையத்தில் விண்ணப்பியுங்கள். ஆயுளுக்கும் இந்தியா வந்துபோக உதவும் ஓசிஐ அட்டைக்குப் பதிவான கல்யாணம் ரெண்டு வருஷம் தொடர்ந்திருக்க வேண்டும். அதையும் சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு இங்கே விண்ணப்பிக்க முடியாது.

ரோம் விமான நிலையத்தில் இறங்கியதும் மனைவி ஒரு வரிசை, நீங்கள் ஒரு வரிசை என்று பிரிய வேண்டாம். ஐரோப்பியக் குடிமக்கள் வரிசையில் அவர்களோடு வரும் குடும்பத்தாரும் நிற்கலாம். சான்றிதழ் நகல் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் மகள் இந்திய பாஸ்போர்ட், மாப்பிள்ளை இங்கிலாந்துக்காரர், பர்மிங்ஹாமில் குடித்தனம். 2018-ல் ரெண்டு பேரும் பாரிஸ் போனபோது மகளுக்குக் காசு வாங்காமல் விசா கொடுத்தார்கள். இப்போது என்னையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று விசாரித்தால் மகளுக்குக் கட்டணம், இன்சூரன்ஸ், பேங்க் கணக்கு எல்லாம் கேட்கிறார்களாம். யாராவது ஏமாற்றுகிறார்களா?
(வாசகி, தேவகோட்டை)

பதில்: யாரும் ஏமாற்றவில்லை ஆச்சி. மாப்பிள்ளை அதே மாப்பிள்ளைதான், அவர் நாடுதான் வெளியே வந்துவிட்டது. மேலே காரைக்குடித் தம்பிக்குச் சொன்ன சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களின் குடும்பத்துக்கு. 2018-ல் பிரிட்டன் அதில் உறுப்பு நாடு. 2020 ஜனவரியில் விலகி, அந்த வருஷக் கடைசியோடு இடைக்கால ஏற்பாடும் முடிந்துபோனது. 2021-லிருந்து பிரிட்டிஷ்காரரின் மனைவி என்பதால் பாரிஸ் விசாவில் ஒரு சலுகையும் இல்லை. மாப்பிள்ளைக்கு 180 நாளில் 90 நாள்வரை விசா வேண்டாம், உங்கள் மகள் எல்லோரையும் போல 90 யூரோ கட்டி முழுப் பட்டியலையும் கொடுக்க வேண்டும்.

மகள் பிரிட்டனில் குடியிருப்பவர், அதனால் அங்கேயே விண்ணப்பிக்கலாம். அங்கே குடியிருப்பு அட்டைகளை நிறுத்திவிட்டு இ-விசாவுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய அட்டை தூதரகத்தில் செல்லாது, இ-விசா அத்தாட்சியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் போவதுதான் எனக்குக் கவலை. முதலில் லண்டன் போய் இறங்குவோம், அங்கிருந்து மகளோடு சேர்ந்து பாரிஸ் விசா போட்டுக்கொள்ளலாம் என்று நம் ஊரில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஷெங்கன் விசாவை நாம் குடியிருக்கும் நாட்டில்தான் கேட்க வேண்டும். பிரிட்டனுக்குச் சுற்றிப் பார்க்கப் போனவரை அங்கே குடியிருப்பவராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே பிரிட்டன் விசா, பாரிஸ் விசா ரெண்டையும் புறப்படுவதற்கு முன் சென்னையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். ரெண்டுக்கும் பாஸ்போர்ட்டை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் பிரிட்டனை முதலில் முடியுங்கள். ஷெங்கனுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் கொடுத்தால் எடுக்க மாட்டார்கள். கோடை விடுமுறைக்குப் போவதென்றால் பொங்கல் முடிந்ததும் வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

கேள்வி: ஜப்பான்காரியான எங்கள் மருமகளுக்கு ஓசிஐ அட்டை இருக்கிறது. குடும்பத்தோடு காசிக்குப் போய் நகரச் சத்திரத்தில் தங்கி, அங்கிருந்து காத்மாண்டு, முடிந்தால் பூட்டானும் போக ஆசை. ஓசிஐ இருப்பதால் எங்களைப் போலவே அவளும் விசா இல்லாமல் வரலாம் அல்லவா?
(வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: வர முடியாது அண்ணே. ஓசிஐ என்பது இந்தியாவுக்குள் வர ஆயுளுக்கும் செல்லும் விசா. பெயரில் குடியுரிமை இருந்தாலும் குடியுரிமை அல்ல, ஓட்டும் கிடையாது, விவசாய நிலமும் வாங்க முடியாது. எல்லை தாண்டிவிட்டால் அவர் ஜப்பான்காரர், அவ்வளவுதான்.

நேபாளத்துக்கு நீங்கள் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ காட்டிப் போய்விடலாம். மருமகளுக்கு எல்லையிலேயே விசா தருவார்கள்: 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர். டாலராகக் கையில் இருக்கட்டும். காசியிலிருந்து கோரக்பூர் வழியாக சுனவ்லி எல்லைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே இந்தியர்கள் யாரும் நிற்பதில்லை, ரிக்ஷாவில் உட்கார்ந்தபடியே தாண்டிவிடுவார்கள். கூட்டத்தோடு உங்கள் மருமகளும் தாண்டிவிட்டால் அவர் பாஸ்போர்ட்டில் இந்தியாவை விட்டுப் போன முத்திரை இருக்காது, நேபாளத்துக்குள் வந்த முத்திரையும் இருக்காது. திரும்பும்போது பெரிய தொல்லை. எல்லோரும் இறங்கி, இந்தியக் குடியேற்ற அலுவலகம் எங்கே என்று கேட்டுப் போய், முத்திரை வாங்கிய பிறகு தாண்டுங்கள். அந்தப் பக்கமும் அப்படியே. இன்னொன்று, பசுபதிநாதர் சன்னதிக்குள் இந்துக்களை மட்டும்தான் விடுவார்கள். வாசலில் நின்று மனம் நோகாமல் இருக்க மருமகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

பூட்டான் செலவு பிடிக்கும். அங்கே தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் அரசுக்கு ஒரு கட்டணம் உண்டு. இந்தியருக்கு 1,200 ரூபாய், மற்ற நாட்டவருக்கு 100 டாலர். விசாவும் தனி. ஒரே அறையில் தங்கும் புருஷன் பெண்டாட்டிக்கு ரெண்டு விலை. மருமகளின் பங்கைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மருமகள் புது பாஸ்போர்ட் வாங்கினால், மூன்று மாதத்துக்குள் அதன் நகலையும் கல்யாணம் நீடிக்கிறது என்ற உறுதிமொழியையும் ஓசிஐ இணையத்தில் ஏற்ற வேண்டும். கல்யாணத்தால் ஓசிஐ வாங்கியவர்களுக்கு இது ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும் உண்டு.

கேள்வி: மனைவி ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழ்ப் பெண். கல்யாணச் சான்றிதழில் என் பெயருக்கு முன் எங்கள் விலாசம் (குடும்பப் பெரியவர்களின் பெயரெழுத்துகள்) முழுக்க, ‘அரு. ராம. மெ.’ என்று ஏறிவிட்டது. பாஸ்போர்ட்டில் வெறும் பெயர், சர்நேம் கட்டம் காலி. மலேசியாவுக்கு விசாவே வேண்டாம் என்பதால் இதை அப்படியே விட்டுவிடலாமா?
(வாசகர், பள்ளத்தூர்)

பதில்: சுற்றிப் பார்க்க மட்டும் போகிறீர்கள் என்றால் விடலாம் தம்பி. இந்தியருக்கு 30 நாள் விசா இல்லாத நுழைவை மலேசியா 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறது. புறப்படுவதற்கு மூன்று நாளுக்குள் எம்டிஏசி என்ற வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்பினால் போதும். கல்யாணச் சான்றிதழை யாரும் கேட்கப் போவதில்லை.

ஆனால் மனைவியோடு அங்கேயே சில வருஷம் இருக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அந்த 30 நாள் உதவாது. மலேசியரின் கணவர் என்ற முறையில் நீண்டகாலச் சமூக வருகை அனுமதி வாங்க வேண்டும். அதற்கு உங்கள் கல்யாணம் மலேசியப் பதிவேட்டில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் நடந்த கல்யாணத்தை ஆறு மாதத்துக்குள் பதியச் சொல்கிறது அவர்கள் சட்டம். சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது, தள்ளிப்போடாமல் மனைவியைப் பேசச் சொல்லுங்கள். அங்கே ‘அரு. ராம. மெ.’ ஒருவர், பாஸ்போர்ட்டில் இருப்பவர் வேறொருவர் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். பினாங்குக் கடைப் பலகையில் அந்த விலாசத்துக்கு மரியாதை இருந்திருக்கும், கம்ப்யூட்டருக்கு அது தெரியாது.

சார்பதிவாளரிடம் கொடுத்துச் சான்றிதழை பாஸ்போர்ட்டில் உள்ள பெயருக்குத் திருத்துவது ஒரு வழி. நானாக இருந்தால் அதற்கு முன்னால் பாஸ்போர்ட்டைச் சரிசெய்வேன். மறு வெளியீட்டுக்குக் கொடுத்து அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் ஏற்றி, மனைவி பெயரையும் அப்போதே சேர்த்துவிடுங்கள். சர்நேம் காலியாக இருப்பது மலேசியாவோடு முடிகிற தொல்லை அல்ல. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து சுற்றுலா விசா தருவதில்லை. அமெரிக்கா உங்கள் பெயரைத் தூக்கி சர்நேம் இடத்தில் போட்டுவிட்டு, பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று மூன்று எழுத்தை அடித்துத் தரும். பெயர் தெரியாதவர் என்று அர்த்தம்.

பாஸ்போர்ட் புதிதாக வந்த பிறகு சான்றிதழைத் திருத்துங்கள், அதன் பிறகு துணைத் தூதரகம். டிக்கெட்டும் எம்டிஏசியும் புது பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே இருக்கட்டும். பழைய பெயரில் டிக்கெட் ஏற்கெனவே போட்டிருந்தால் உடனே விமான நிறுவனத்திடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். திருச்சி கவுன்ட்டரில் போய் நின்றுகொண்டு கேட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.